இரண்டு கடன் நிதிகளும் ஓர் எண்ணும்



ஓய்வு பெறும்போது கைக்கு வந்த தொகையை முழுவதும் வங்கி டெபாசிட்டில் முடக்கிவிட மனமில்லாமலும், பங்குச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு அதை ஒப்புக்கொடுக்கத் துணிவில்லாமலும், இடைப்பட்ட வழியாகக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் பரஸ்பர நிதிகளை நாடி வருவோர் நம் தேசத்தில் இப்போது ஏராளமாக இருக்கிறார்கள். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுவது விவேகம் என்று அவர்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. அந்த ஜாக்கிரதை நம் குடும்பங்களில் பரம்பரையாக வருவது. ஆனால் பிரித்துப் போட்டவை மெய்யாகவே இரண்டுதானா, அல்லது இரண்டு பெயர் சூட்டிக்கொண்ட ஒன்றுதானா என்று கண்டறிய இன்று ஒரு சுலபமான உபாயம் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு நிதிகளின் பழைய என்.ஏ.வி. மதிப்புகளை, அதாவது ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்புகளை, கணினியில் இறக்கி, எக்ஸெல் தாளில் அதற்கென்று உள்ள சூத்திரத்தைத் தட்டினால், மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் இடையே ஓர் எண் வந்து நிற்கிறது. ஒட்டுறவுக் கெழு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் அந்த எண் 0.9 என்று வந்தால் "பிரித்தும் பிரயோஜனமில்லை" என்றும், 0.2 என்று வந்தால் "முதலீடு நன்றாகப் பரவியிருக்கிறது" என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பங்குகளின் விஷயத்தில் ஓரளவுக்கு நியாயமான இந்தத் தீர்ப்பு, கடன் பத்திர நிதிகளின் விஷயத்தில் பல சமயங்களில் தலைகீழாகிவிடுகிறது என்பதே இன்று நான் இந்த அவையில் சொல்ல வந்தது.

இந்த எண்ணின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1888-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் மனித அவயவங்களின் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உயரமானவனுக்கு முழமும் நீளமாயிருப்பது எவ்வளவு நிச்சயம் என்பதை ஒரே எண்ணால் சொல்ல முயன்றார். உயரத்துக்கும் முழத்துக்கும் அவர் கண்டது 0.8. சில ஆண்டுகளுக்குப் பின் கார்ல் பியர்சன் அதற்கு இன்று நாம் வழங்கும் கணித உருவத்தைத் தந்தார். அவர்கள் அளந்த பொருள்கள் சாதுவானவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மனிதனின் முழம் சராசரியிலிருந்து ஓர் அங்குலம் கூடும், ஓர் அங்குலம் குறையும். ஆனால் ஒருநாள் காலையில் அது திவாலாகிப் பூஜ்யமாவதில்லை. கடன் பத்திரம் அப்படி ஆவதுண்டு.

முதலீட்டுச் சாஸ்திரத்துக்குள் இந்த எண்ணை அழைத்து வந்தவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் என்னவென்றால், ஒரு முதலீட்டுத் தொகுப்பின் அபாயம் என்பது அதிலுள்ள ஒவ்வொன்றின் அபாயத்தையும் தனித்தனியே கூட்டி வருவதன்று, அவை ஒன்றோடொன்று எப்படி அசைகின்றன என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்பதே. அதற்காக 1990-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையிலேயே அவர் ஓர் எச்சரிக்கையும் செய்திருக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறுபது ரயில்வே நிறுவனங்களின் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவன், எண்ணிக்கையில் அறுபது வைத்திருந்தாலும், ரயில்வே, சுரங்கம், மின்சாரம், உற்பத்தி என்று பலவகையிலும் பிரித்து வைத்திருப்பவனைப் போலப் பரவலாக்கம் செய்தவன் ஆகமாட்டான் என்பது அந்த எச்சரிக்கையின் பொருள். எண்களுக்கு முன்னால் காரணத்தைப் பார் என்று சொன்னவர் ஒரு கணித மேதை என்பது சுவாரசியமான சங்கதி.

இனிக் கணக்குக்கு வருவோம். முதல் தவறு சூத்திரத்தைத் தட்டுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. கடன் நிதியின் என்.ஏ.வி. என்பது தினந்தோறும் வட்டி சேர்ந்து மெள்ள ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கும் லிக்விட் ஃபண்டாயினும், நீண்ட கால அரசுப் பத்திரங்களை வாங்கும் கில்ட் ஃபண்டாயினும், ஐந்தாறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் மேல்நோக்கியே போகும். அந்த மதிப்புகளை அப்படியே எடுத்து ஒட்டுறவு பார்த்தால் எந்த இரண்டு கடன் நிதிகளுக்கும் ஒன்றை ஒட்டிய எண்தான் வரும். வட்டி என்பது இரண்டிலும் சேருகிறது என்ற, முன்பே தெரிந்த விஷயத்தைத் தவிர அது வேறொன்றையும் சொல்லாது. 1926-இல் அட்னி யூல் என்ற புள்ளியியலாளர், இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதமும் நாட்டின் மரண விகிதமும் 1866 முதல் 1911 வரை சேர்ந்தே இறங்கி வந்ததால் அவற்றின் ஒட்டுறவு 0.95 என்று வந்ததைக் காட்டி, காலத்தோடு ஒரே திசையில் போகும் எந்த இரண்டு வரிசைகளும் இப்படிப்பட்ட அபத்த உறவைக் காட்டும் என்று விளக்கினார். திருச்சபைத் திருமணம் செய்துகொண்டால் ஆயுள் குறையும் என்று அதிலிருந்து எவரேனும் முடிவு செய்தால் நாம் சிரிப்போம். அதே முடிவைக் கடன் நிதிகளைப் பற்றிச் செய்யும்போது மட்டும் அது ஆராய்ச்சி எனப்படுகிறது. ஆகையால் மதிப்புகளை விட்டுவிட்டு, மாதாமாதம் அவை எத்தனை சதவீதம் மாறின என்ற மாற்றங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்படிச் சரியாகச் செய்தாலும், மூன்றாண்டுக் கணக்கு என்பது 36 எண்களே. அந்த 36-இலிருந்து 0.3 என்ற ஒட்டுறவு கிடைத்தால், ரொனால்ட் ஃபிஷரின் முறைப்படி பார்க்க, உண்மையான உறவு ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 0.57 வரை எங்கும் இருக்கக்கூடும். பத்திரிகைகளிலும் தரகர்களின் துண்டுப் பிரசுரங்களிலும் 0.31 என்றும் 0.28 என்றும் இரண்டு தசம ஸ்தானம் வரை அச்சிட்டு, இது அதைவிட மேல் என்று வாதாடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பரிதாபமே உண்டாகிறது.

அடுத்ததாக, இந்த எண் தன்னளவில் எதைச் சொல்லாது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். நீண்ட கால அரசுப் பத்திரங்கள் வைத்திருக்கும் ஒரு நிதி. ஆண்டுக்கு அதன் ஏற்றத்தாழ்வு, அதாவது திட்ட விலக்கம், 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய காலப் பத்திரங்கள் வைத்திருக்கும் மற்றொன்று. அதன் திட்ட விலக்கம் 1.5 சதவீதம். இரண்டிலும் பாதிப் பாதி போடுகிறோம், ஒட்டுறவு 0.9. ஆறில் பாதி மூன்று, அதன் வர்க்கம் 9. ஒன்றரையில் பாதி 0.75, அதன் வர்க்கம் 0.5625, பின்பு மூன்றையும் 0.75-ஐயும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒட்டுறவான 0.9-ஆலும் பெருக்கினால் 4.05. மூன்றையும் கூட்டினால் 13.6125, அதன் வர்க்கமூலம் 3.69. முழுப் பணமும் முதல் நிதியில் இருந்திருந்தால் 6 ஆக இருந்திருக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு 3.69 ஆகக் குறைந்துவிட்டது. பிரித்துப் பயனில்லை என்று நம்மைத் திருப்பி அனுப்பிய அதே 0.9-தான் இங்கே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒட்டுறவு அறவே இல்லாமல் பூஜ்யமாகவே இருந்தால் என்ன ஆகும்? 3.09. முழு ஒட்டுறவு, அதாவது 1 என்றால்? 3.75. ஒட்டுறவு ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை இறங்கினாலும் பலன் 3.75-லிருந்து 3.09 வரைதான் நகர்கிறது. ஆனால் விகிதத்தை மாற்றி, முதல் நிதியில் கால் பங்கும் இரண்டாவதில் முக்கால் பங்கும் போட்டால், ஒட்டுறவு 0.9 ஆகவே இருக்கும்போதும் ஏற்றத்தாழ்வு 2.56 ஆகிவிடுகிறது. எவ்வளவு எங்கே போட்டோம் என்பதே இங்கு பெரிய விஷயம். ஒட்டுறவு என்பது அதன் பின்னால் வரும் சிறு விஷயம். ஒட்டுறவு திசையைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது.

2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது இதற்கு ஒரு பெரிய சாட்சி. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதத்தை அந்நாட்டு மத்திய வங்கி ஒரே ஆண்டில் நாலே கால் சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டது. அரசும் கம்பெனிகளும் வெளியிட்ட பத்திரங்களைக் கலந்து வைத்திருக்கும் பொதுவான கடன் குறியீடு சுமார் 13 சதவீதம் இறங்கியது. நீண்ட கால அரசுப் பத்திரங்களோ ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கின. இரண்டும் ஒரே காரணத்தால், ஒரே திசையில், ஒரே மாதங்களில் இறங்கியவை. ஆகவே ஒட்டுறவுக் கணக்கில் அவை நெருங்கிய உறவினர். நூறு ரூபாயில் பதின்மூன்றை இழந்தவனும் முப்பதை இழந்தவனும் தங்களை ஒரே நிலையில் இருப்பவர்களாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

கடன் நிதிகள் ஏன் இப்படிச் சேர்ந்து அசைகின்றன என்பதும் தெரிந்த விஷயமே. சந்தையில் வட்டி ஏறினால் பழைய, குறைந்த வட்டிப் பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை 1938-இல் ஃபிரெடெரிக் மெக்காலே வகுத்த டியூரேஷன் என்ற அளவு ஏறக்குறையச் சொல்லிவிடும்: டியூரேஷன் பத்து ஆண்டு என்றால் வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது விலை சுமார் பத்து சதவீதம் இறங்கும்; ஓர் ஆண்டு என்றால் ஒரு சதவீதம். வட்டி என்பது எல்லாப் பத்திரங்களுக்கும் பொதுவான காற்று. ஆகவே நல்ல தரமுள்ள இரண்டு நிதிகளின் ஒட்டுறவு உயர்வாக வருவது இயல்பு, அதில் குறை காண ஒன்றுமில்லை. 2013 ஜூலையில் ரூபாயின் சரிவைத் தடுப்பதற்காக ரிசர்வ் வங்கி, வங்கிகள் தன்னிடம் அவசரக் கடன் வாங்கும் விகிதத்தை ஒரே அடியாக 10.25 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, கில்ட் ஃபண்டுகள் மட்டுமல்ல, ஒருநாளும் இறங்காது என்று கம்பெனிகளின் பொக்கிஷதாரர்கள் நம்பியிருந்த லிக்விட் ஃபண்டுகள் பலவும் மறுநாள் இறங்கின. அந்த வருஷம் மே மாதத்தில் 7.5 சதவீதத்துக்குக் கீழிருந்த பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி ஆகஸ்டில் 9-ஐத் தாண்டிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கென்று 25,000 கோடி ரூபாய் அளவுக்கு ஒரு விசேஷ வசதியை ரிசர்வ் வங்கி திறக்க வேண்டி வந்தது.

உயர்ந்த ஒட்டுறவைக் கண்டு அநாவசியமாகப் பயப்படுகிறோம் என்று இதுவரை சொன்னேன். தாழ்ந்த ஒட்டுறவைக் கண்டு அநாவசியமாகத் தைரியம் கொள்கிறோம் என்பது இதைவிட முக்கியமானது. நான் அதிக நேரம் நிற்க விரும்புவதும் இங்கேதான்.

தரம் குறைந்த கம்பெனிகளுக்குக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிதிகள் உண்டு. கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு என்று இப்போது பெயரிலேயே அதை ஒப்புக்கொள்கிறார்கள். 2017 அக்டோபரில் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கடன் திட்டங்களை 16 வகைகளாகப் பிரித்து முறைப்படுத்துவதற்கு முன் அந்த வெளிப்படைகூட இல்லை. இப்படிப்பட்ட ஒரு நிதியையும் ஒரு கில்ட் ஃபண்டையும் ஒப்பிட்டால் ஒட்டுறவு மிகக் குறைவாக வரும். காரணம் என்ன? அரசுப் பத்திரம் நாள்தோறும் சந்தையில் ஆயிரக்கணக்கான கோடிக்குக் கைமாறுகிறது. அதன் விலை நாழிகைக்கு நாழிகை மாறும். நடுத்தரக் கம்பெனி ஒன்று தனிப்பட்ட முறையில் விற்ற கடன் பத்திரமோ, வாங்கியவன் பெட்டிக்குள் போனால் முதிர்ச்சி வரை வெளியே வராமலே இருப்பதும் உண்டு. விற்பனையே நடக்காத பொருளுக்குத் தினமும் ஒரு விலை எப்படிக் கிடைக்கும்? மதிப்பீட்டு நிறுவனங்கள் அதே தரமும் அதே காலமும் உள்ள வேறு பத்திரங்களைப் பார்த்து ஓர் உத்தேச விலை தருகின்றன; அவற்றின் சராசரியே நாம் காணும் என்.ஏ.வி.க்குள் போகிறது. குறுகிய காலத்தில் முதிரும் பத்திரங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதுவும்கூட இல்லை. வாங்கிய விலைக்கும் முதிர்ச்சித் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை நாள் கணக்கில் சமமாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இந்த நிதியின் கோடு வழவழப்பாக இருப்பது அதிலுள்ள பத்திரம் அசையாததால் அன்று, அதை யாரும் அசைத்துப் பார்க்காததால். அசையாத ஒன்றுக்கும் அசையும் ஒன்றுக்கும் ஒட்டுறவு எடுத்தால் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அதைப் பரவலாக்கம் என்று பெயரிட்டு மெச்சிக்கொள்வது, விலை கேட்காததால் விலை மாறவில்லை என்று எண்ணுவதே ஆகும்.

2020 ஏப்ரல் 23-ஆம் தேதி நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முதலீட்டாளர்கள். அந்த ஆறின் பெயர்களைக் கேளுங்கள்: அல்ட்ரா ஷார்ட் பாண்டு, லோ டியூரேஷன், ஷார்ட் டெர்ம் இன்கம், டைனமிக் அக்ரூவல், இன்கம் ஆப்பர்ச்சூனிட்டிஸ், கிரெடிட் ரிஸ்க். சில மாதங்களுக்கான பணத்தை ஒன்றிலும், ஓரிரு ஆண்டுக்கான பணத்தை மற்றொன்றிலும், இன்னும் நீண்ட காலத்துக்கானதை வேறொன்றிலும் போட்டு வைத்தவன் தன்னை ஒரு முன்யோசனைக்காரன் என்றுதான் எண்ணியிருப்பான். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால், ஏஏ, ஏ போன்ற தரமுள்ள அதே கடன்காரர்களின் பத்திரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தன. அறிகுறி முன்பே தெரிந்தது: 2020 ஜனவரியில், வோடஃபோன் ஐடியாவின் பத்திரத்தை ஃபிராங்க்ளின் நிறுவனம் பூஜ்யமாகக் குறித்தபோது, அதை வைத்திருந்த திட்டங்களெல்லாம் ஒரே நாளில் சரிந்தன. மார்ச்சில் கொரோனாவால் சந்தை உறைந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தைக் கேட்க, விற்கக்கூடியவற்றை முதலில் விற்று, சில திட்டங்கள் கடனும் வாங்கி, கடைசியில் மீதியிருந்தது விற்க முடியாத சரக்காகிவிட்டது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, மற்ற நிதிகளுக்கும் இந்தப் பீதி பரவாதிருக்கும்பொருட்டு ரிசர்வ் வங்கி 50,000 கோடி ரூபாய்க்கு வசதி செய்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் எஸ்.பி.ஐ. நிதி மேலாண்மை நிறுவனம் பொறுப்பேற்றுக்கொண்டு, பத்திரங்களைச் சிறுகச் சிறுக விற்றும் வசூலித்தும் பட்டுவாடா செய்ததில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மூடிய நாளன்று இருந்த மதிப்பைவிட அதிகமாகவே திரும்ப வந்தது. ஆகவே அந்தப் பத்திரங்களெல்லாம் குப்பை என்று கூறுவது சரியன்று. நஷ்டம் வேறு வகையில் நேர்ந்தது: மகளின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அந்த ஜூன் மாதத்தில் பணம் வேண்டியிருந்தவனுக்கு, ஆறு திட்டங்களில் பிரித்து வைத்தும் ஒரு ரூபாய்கூட உடனே கிடைக்கவில்லை. கையில் வேண்டும்போது கிடைக்காமை என்ற அபாயத்துக்கு ஒட்டுறவுக் கணக்கில் ஒரு பத்தியே கிடையாது.

நம் ஊர்களில் சீட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவன் இரண்டு தெருக்களில், இரண்டு வேறு பேர் நடத்தும் சீட்டுகளில் சேர்ந்து, ஒருவர் ஓடிவிட்டாலும் மற்றவர் இருப்பார் என்று நிம்மதியாயிருக்கிறான். இரண்டு சீட்டிலும் முதல் ஏலத்தைத் தள்ளி எடுத்தவன் ஒரே நூல் மண்டிக்காரன் என்பது அவனுக்குத் தெரியாது. மண்டி நடக்கும்வரை இரண்டு சீட்டுக்கும் தவணை ஒழுங்காக வருகிறது. அந்த ஒழுங்கைக் கணக்கிட்டு எந்த மேதையும் மண்டியின் இருப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

இதை எண்களிலேயே வைத்துப் பார்க்கலாம். இரண்டு நிதிகள் 59 மாதங்கள் சீராக, சிற்சில அசைவுகளுடன், அதாவது மாதத்துக்கு 0.2 சதவீதத் திட்ட விலக்கத்துடன் வளர்ந்தன. அவற்றின் ஒட்டுறவு 0.2 என்று வைத்துக்கொள்வோம். அறுபதாவது மாதத்தில் இரண்டிலும் இருந்த ஒரே கடன்காரன் பணம் கட்டத் தவறுகிறான்; இரண்டும் 5 சதவீதம் விழுகின்றன. இப்போது அந்த ஒரு மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒட்டுறவு 0.94. முந்தின மாதம் வரை பரவலாக்கத்துக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட ஜோடி, ஒரே மாதத்தில் இரட்டைப் பிள்ளைகளாகிவிடுகிறது. 0.2 என்று சொன்னபோது கணக்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு அது விடை தரவில்லை, அவ்வளவே.

இது கற்பனைக்காகச் சொன்ன கணக்கு என்றாலும் நடப்பில் இதற்குப் பஞ்சமில்லை. 2018 செப்டம்பர் வரை மிக உயர்ந்த தரச் சான்றுகளோடு நடமாடிய ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் பணம் கட்டத் தவறியபோது, பல வேறு நிறுவனங்களின் நிதிகள், லிக்விட் ஃபண்டுகள் உட்பட, ஒரே சமயத்தில் அடிபட்டன. 2019 ஜூனில் டி.ஹெச்.எஃப்.எல். என்ற வீட்டுக் கடன் நிறுவனம் வட்டி கட்டத் தவறிய மறுநாள் ஒன்றிரண்டு நிதிகளின் மதிப்பு ஏறக்குறைய பாதியாயிற்று. முன்பே விஷயமறிந்தவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட, மீதியிருந்தவர்களின் பங்கில் அந்தப் பத்திரத்தின் விகிதம் வீங்கியிருந்தது அதற்குக் காரணம்.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். பொதுத் துறை நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவற்றின் பத்திரங்களை மட்டும் வாங்கும் இரண்டு நிதிகள், இரண்டு வேறு நிறுவனங்களால் நடத்தப்படுபவை, இருக்கின்றன என்று கொள்வோம். நபார்டு, ஆர்.இ.சி., பவர் ஃபைனான்ஸ், சிட்பி என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கடன்காரர்கள். காலமும் ஏறக்குறைய ஒன்று. ஒட்டுறவு ஒன்றை நெருங்கும். இரண்டையும் வைத்திருப்பதில் பலன் உண்டா? வட்டி அபாயத்துக்கு இல்லை. கடன்காரர் அபாயத்துக்கும் அநேகமாக இல்லை, ஆனால் அந்த அபாயமே இங்கு சொற்பம். நடத்துபவர் ஒருவர் தடுமாறினால் மற்றவரிடம் பணம் கிடைக்கும் என்ற ஒரு பலன் மட்டும் நிச்சயமாக உண்டு. 2020-இல் ஒரே நிறுவனத்தில் ஆறு திட்டம் வைத்திருந்தவனுக்கு இல்லாமற்போனது அதுதான். இந்த ஜோடியை 0.97 என்ற எண்ணுக்காக நிராகரித்து, 0.15 என்ற எண்ணுக்காக ஒரு கிரெடிட் ரிஸ்க் ஃபண்டைச் சேர்த்துக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பரவலாக்கியது முதலீட்டை அன்று, அபாயத்தை.

குறைந்த ஒட்டுறவு மெய்யாகவே உதவும் இடமும் இருக்கிறது. பீதி பிறக்கும்போது பணம் கம்பெனிகளை விட்டு அரசிடம் ஓடும் என்பது பழைய சுபாவம். அப்போது மத்திய வங்கியும் வட்டியைக் குறைக்கும். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் குறுகிய காலக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தை 5.15-லிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. தொடர்ந்து வந்த வாரங்களில் கில்ட் ஃபண்டுகள் லாபம் கண்டபோது கிரெடிட் ரிஸ்க் ஃபண்டுகளிலிருந்து ஜனங்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இங்கே வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. அதை முன்கூட்டியே வாயால் சொல்லவும் முடியும். ஒட்டுறவு குறைவாயிருப்பதற்கு இப்படி ஒரு காரணத்தைச் சொல்ல முடிந்தால் அந்த எண்ணை நம்பலாம் என்பதும், சொல்ல முடியாவிட்டால் அது பழுதான விலையின் விளைவா என்று சந்தேகிக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். இந்தச் சந்தேகத்தைச் சோதிக்க ஒரு வழியும் உண்டு: ஒரு நிதியின் இந்த மாத மாற்றத்தைப் போன மாத மாற்றத்தோடு ஒப்பிட்டு, அவை ஒன்றையொன்று பின்பற்றியே போகின்றனவா என்று பாருங்கள். தினந்தோறும் விலை போகும் பொருளில் நேற்றைய நடை இன்றைய நடையைப் பெரிதும் தீர்மானிப்பதில்லை. உத்தேச விலையிலோ நேற்றைய மதிப்பின் எச்சம் இன்றும் தங்கியிருக்கும். தின மாற்றங்களை விட்டுக் காலாண்டு மாற்றங்களை வைத்துக் கணக்கிடும்போது ஒட்டுறவு திடீரென்று உயர்ந்தாலும் அதே சந்தேகம் வலுப்படும்.

எண்ணைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம். நீதிபதியின் ஆசனத்தில் அதை அமர்த்துவதைத்தான் ஆட்சேபிக்கிறேன். துப்பறிபவனாக அது மிகவும் உபயோகமானது. உதாரணமாக, டைனமிக் பாண்டு ஃபண்டு என்ற வகையில் டியூரேஷனைக் கூட்டவும் குறைக்கவும் நிர்வாகிக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது. அப்படி ஒரு நிதியும் ஒரு நீண்ட கால கில்ட் ஃபண்டும் ஓராண்டு முன்பு 0.4 ஒட்டுறவில் இருந்து, சமீப மாதங்களில் 0.9-ஐ எட்டினால், நிர்வாகி வட்டி இறங்கும் என்று பந்தயம் கட்டி நீண்ட காலப் பத்திரங்களை நிறைய வாங்கியிருக்கக்கூடும். தன் பணத்தைக் குறுகிய காலத்துக்கு வைத்தவனுக்கு இது தெரிய வேண்டிய செய்தி. அதே போல, இரண்டு வேறு நிறுவனங்களின் கிரெடிட் ரிஸ்க் ஃபண்டுகள், வட்டி அசையாத ஒரு மாதத்திலும் ஒரே நாளில் ஒரே அளவு துள்ளினால், இருவரிடமும் ஒரே கடன்காரன் இருக்கிறான் என்று ஊகிக்கலாம்.

ஊகத்தை மெய்யாக்கிக்கொள்ள வழி நம் நாட்டில் சுலபமாகவே இருக்கிறது. கடன் திட்டங்கள் தங்களிடம் உள்ள ஒவ்வொரு பத்திரத்தையும், கடன்காரரின் பெயர், தரம், தொகை, விகிதம் என்று இருவாரத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. இரண்டு நிதிகளின் பட்டியல்களையும் எடுத்து, பக்கத்தில் பக்கமாக வைத்து, முதலில் மெக்காலே டியூரேஷனைப் பாருங்கள். பின்பு கடன்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, இரண்டிலும் வருபவை எத்தனை சதவீதம் என்று கூட்டுங்கள். ஒரே குழுமத்தைச் சேர்ந்த வெவ்வேறு கம்பெனிகளை ஒன்றாகவே எண்ணுங்கள், ஏனெனில் கஷ்டகாலத்தில் அவை ஒன்றாகத்தான் விழும். ஏஏ தரத்துக்குக் கீழே உள்ளவற்றைத் தனியாகக் கூட்டி, அரசுப் பத்திரமும் ரொக்கமும் எவ்வளவு என்று அதன் எதிரே எழுதுங்கள். அரை மணி நேர வேலை. ஒட்டுறவை அதற்குப் பிறகு கணக்கிட்டால், வந்த எண் ஏன் அப்படி வந்தது என்று கேட்க உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும்.